ஒன்றுகூட பிஸ்கட்டில் உட்காரவில்லை

மாடு வாலைத் தூக்கியதும் அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். சாணி புல்லில் பொத்தென்று விழுந்து பரவி முடிவதற்குள் இரண்டடி தள்ளிக் குந்தி உட்கார்ந்துகொள்கிறார். மாடு தன் வேலை முடிந்ததென்று நகர்ந்துபோகிறது. இவருடைய வேலை இனிமேல்தான். முழங்காலின் மேல் நீளவாட்டில் மடித்த நோட்டு, காதில் செருகிய பென்சில். முதல் ஈ வருவதற்குள் எனக்குப் பத்துவரைகூட எண்ண முடியவில்லை.

"இது மாட்டு மேலயே குடியிருக்கிறது," என்கிறார், தலையைத் திருப்பாமல். "ரத்தம் குடிச்சிட்டு அங்கயே கெடக்கும். சாணி விழுந்தா மட்டும் இறங்கும். பஸ்ஸு கிளம்பறதுக்குள்ள இறங்கி டீ குடிச்சிட்டு ஓடிப்போய் ஏறுவாங்கள்ல, அந்த மாதிரி. முட்டையைப் போட்டுட்டு உடனே மறுபடி ஏறிக்கும்."

சொல்லி முடிப்பதற்குள் அது மாட்டிடம் திரும்பிவிட்டது. நோட்டில் ஒரு கோடு விழுந்தது.

நூற்று நாற்பது மாடுகள் உள்ள பால் பண்ணை அது. மேய்ச்சல் நிலத்தை மின்கம்பி வேலியால் பன்னிரண்டு துண்டுகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு துண்டில் மேய்ந்து முடித்த மாடுகளை அடுத்த துண்டுக்கு ஓட்டி, கம்பியைப் பிடுங்கி வேறிடத்தில் நடுவதுதான் அவருக்குச் சம்பளம் தரும் வேலை. ஈ எண்ணுவது அவராக எடுத்துக்கொண்டது. ஒரு சைஸ் பெரிய ரப்பர் பூட்ஸ், கணவரின் பழைய முழுக்கைச் சட்டை, அகலத் தொப்பி. தோள்பையில் ஐஸ்கிரீம் கரண்டி ஒன்று, புருவம் திருத்தும் இடுக்கி ஒன்று, மூடியில் துளை போட்டு வலைத்துணி ஒட்டிய சாப்பாட்டு டப்பா ஒன்று. மதியச் சாப்பாட்டுக்கு வேறு டப்பா இருக்கிறதாம். நான் கேட்காமலே சொன்னார். எல்லாரும் கேட்பார்கள் போலிருக்கிறது.

வயது ஐம்பத்திரண்டு. பண்ணையில் எல்லோருக்கும் 'செக்கிங் அக்கா'. அவரைவிட மூத்த பால்கறப்பவர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். பத்தொன்பது வருடம் சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கிங் பிரிவில் நின்றவர் அவர். காலர், கை, பொத்தான், பொத்தான் ஓட்டை என்று ஒரு சட்டைக்கு நாற்பது வினாடி. பிசிறு இருந்தால் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டி ஒதுக்கிப் போட வேண்டும். கம்பெனியை மூடிய பிறகு கிடைத்த வேலை இது. கம்பெனி போனாலும் கண் போகவில்லை. என்னைச் சந்தித்த ஐந்தாவது நிமிடத்தில், "உங்க மூணாவது பட்டன் வேற நூல்ல தைச்சிருக்கு," என்றார். வீட்டுக்குப் போய் வெளிச்சத்தில் பார்த்தேன். ஆமாம்.

அவர் வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களில் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆராய்ச்சிக்காரர் வந்து தங்கினார். சாணியில் வாழும் ஈக்களைப் பற்றி அவருக்கு இரண்டு வருட வேலை. எண்ணுவதற்கு ஆள் தேடினார். கம்பி நடும் பெண்மணியின் கண் கூர்மை அவருக்குத் தெரிந்துபோயிற்று. ஆராய்ச்சிக்காரர் எந்த ஈயையும் வாயில் நுழையாத பெயரில்தான் குறிப்பிடுவார். அக்கா அந்தப் பெயர்களையெல்லாம் தள்ளிவிட்டுச் சொந்தமாக வைத்துக்கொண்டார். மாட்டிலேயே குடியிருப்பது கடிச்சான். எறும்புபோல் மெலிந்து கறுத்து, நடக்கும்போதெல்லாம் இரண்டு சிறகையும் மாற்றி மாற்றி ஆட்டிக்கொண்டேயிருப்பது கையாட்டி. குளிர்ந்த மாதங்களில் மட்டும் வரும், உடம்பெல்லாம் மஞ்சள் முடி அடர்ந்தது தங்கமீசை. அதில் ஆண்கள் சாணிமேல் காலை ஊன்றிக்கொண்டு பெண்ணுக்குக் காத்திருக்கும். காத்திருக்கும் நேரத்தில் பக்கத்தில் வரும் சின்ன ஈக்களைப் பிடித்துச் சாப்பிடும். "பொண்ணு பார்க்க வந்த இடத்துல பந்தியிலயும் உக்காந்துக்கும்," என்பார்.

ஆராய்ச்சிக்காரர் வேலை முடிந்து போய்விட்டார். அக்கா நிறுத்தவில்லை. அதற்குப் பிறகும் நான்கு வருடமாக, வாரத்துக்கு மூன்று நாள், நாளைக்கு ஐந்து சாணி. யாரும் கேட்கவில்லை, யாருக்கும் அனுப்புவதில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "பாதியில விட்டா பீஸு பெண்டிங்ல நிக்குமே," என்றார்.

அன்று வேலி ஓரமாக நடந்தபடி அவர் எனக்கு வயதுவாரியாகச் சாணி காட்டினார். காலையில் விழுந்தது இன்னும் பளபளத்தது. ஈக்களெல்லாம் அதில்தான். மேலே ஏடு கட்டிவிட்டால் முட்டையை உள்ளே செலுத்த முடியாது, அதனால் முதல் சில மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். நேற்றையது தோசைக்கல்போல் கறுத்துக் காய்ந்திருந்தது. கரண்டியால் ஏட்டைப் பெயர்த்துக் காட்டினார். உள்ளே பச்சையாக, ஈரமாக, வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. ஐந்து நாளானதில் உள்ளே முழுக்கப் பொந்து பொந்தாக இருந்தது. புழுக்கள் குடைந்த வழியில் காற்று போகிறது, காற்றோடு பூஞ்சை போகிறது, வண்டுகள் போகின்றன. சில புழுக்கள் சாணியைத் தின்பதில்லை, தின்னும் புழுக்களைத் தின்கின்றன. அவற்றுக்கு அவர் வைத்த பெயர் ரவுடி. பத்து நாளானதை மைனாக்கள் கிளறிச் சிதறடித்திருந்தன. அவை தேடி வந்தது புழுவை. சாணி உடைந்தது கூடுதல் லாபம். ஒரு மாதம் ஆனது எங்கே என்று கேட்டேன். புல்லில் ஓரிடத்தைச் சுட்டினார். அங்கே ஒன்றும் இல்லை. புல் மட்டும் சுற்றுப்புறத்தைவிடக் கொஞ்சம் கரும்பச்சையாக இருந்தது.

"இதான் ஓகே ஆன பீஸு," என்றார்.

சென்ற வருடம் பீஸ் ஓகே ஆகாமல் நின்றுபோனது. எங்கள் பத்திரிகைக்காக நான் அவரைத் தேடி வந்ததே அந்தக் கதையைக் கேள்விப்பட்டுத்தான்.

பண்ணைச் சுவருக்கு அந்தப் பக்கம் புதிதாக நான்கு மாடிக் குடியிருப்பு எழும்பியிருந்தது. குடிவந்தவர்கள் வாரம் ஒரு மனு எழுதினார்கள். மனுக்களின் சாரம் ஒன்றுதான்: ஈ. பண்ணை மேனேஜர் முப்பத்தைந்து வயதுக்காரர், கெட்டவர் அல்ல. மேலே முதலாளி, பக்கத்தில் மனு, நடுவில் அவருடைய நாற்காலி. அந்தச் சமயத்தில்தான் குடற்புழுவுக்குப் புதிய மருந்து வந்தது. வாயைப் பிளந்து புகட்ட வேண்டியதில்லை, முதுகெலும்பு நெடுக ஊற்றிவிட்டால் தோல் வழியாக உள்ளே போய்விடும். உண்ணி உதிர்ந்தது. கடிச்சான்கள் செத்து விழுந்தன. மாடுகள் வாலை வீசாமல் நின்று மேய்ந்தன. மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. மாதாமாதம் எல்லா மாட்டுக்கும் ஊற்றிவிடுவது என்று முடிவு செய்தார்.

மருந்து ஊற்றிய ஒன்பதாம் நாள் அக்கா வழக்கம்போல் ஒரு பழைய சாணியைப் பெயர்த்துப் பார்த்தார். பச்சையாக, ஈரமாக, வழவழவென்று இருந்தது. புழு இல்லை. பக்கத்தில் இருந்ததைப் பெயர்த்தார். அதிலும் இல்லை. ஈக்கள் வராமலில்லை. எப்போதும்போல வந்திருந்தன, முட்டையும் வைத்திருந்தன. நோட்டில் கணக்கு இருந்தது. முட்டையிலிருந்து வந்தவைதான் பிழைக்கவில்லை.

ஒரு மாதம் கழிந்து, இரண்டாம் முறை மருந்து ஊற்றும் நாளில், முதல் மாதச் சாணி அப்படியே கிடந்தது. வெயிலில் காய்ந்து ஓடாகி, காலால் எத்தினால் தட்டுப்போல் முழுதாகப் புரண்டது. அடியில் புல் வெளுத்துச் செத்திருந்தது. மாடு தன் சாணியைச் சுற்றியுள்ள புல்லைத் தொடாது. ஓடுகள் கிடக்கக் கிடக்க மேய்ச்சல் சுருங்கியது. ஒரே துண்டு நிலத்தில் அறுநூற்றுப் பதினொரு ஓடுகளை எண்ணி எழுதிக்கொண்டு அவர் மேனேஜரிடம் போனார்.

மேனேஜர் சிரித்தார். "ஈ குறைஞ்சா நல்லதுதானக்கா? அவனவன் ஈயை ஒழிக்க என்ன பண்றதுன்னு தெரியாம முழிக்கிறான். நீங்க என்னடான்னா ஈ பொறக்கலைன்னு வந்து அழறீங்க."

"நான் அழல சார். எண்ணிச் சொல்றேன்."

"சரி, எண்ணியாச்சுல்ல? போய் கம்பியை மாத்துங்க."

அவர் போய்க் கம்பியை மாற்றினார். பிறகு இரண்டு பிளாஸ்டிக் வாளிகளை எடுத்தார். காலில் புண் ஆகித் தனிக் கொட்டகையில் நின்றதால் இரண்டு முறையும் மருந்துக்குத் தப்பிய மாடு ஒன்று இருந்தது. அதன் சாணி ஒரு வாளியில், மருந்து ஊற்றிய மாட்டின் சாணி இன்னொன்றில். இரண்டு சாணியையும் முதலில் ஒரு பகல் முழுக்கப் புல்லிலேயே விட்டு, ஈக்கள் வந்துபோன பிறகு அடிமண்ணோடு அள்ளி வைத்தார். வாய்க்கு வலைத்துணி, சுற்றிலும் எலாஸ்டிக். ஒன்றின் பிடியில் நீல நூல், மற்றதில் சிவப்பு நூல். சிவப்பு எதற்கு என்று கேட்க வேண்டியதில்லை.

ஆறாம் நாள், தீவனக் கிடங்கின் மூலையில் மேனேஜர் அவற்றைக் கண்டுபிடித்தார். அந்தச் சமயம் பார்த்துக் குடியிருப்புச் சங்கத்திலிருந்து இரண்டு பேர் பண்ணையைப் பார்வையிட வந்திருந்தார்கள். "ஈயை ஒழிக்கிறோம்னு அவங்ககிட்ட வாய் ஓயாம சொல்லிட்டு நிக்கிறேன். நீங்க உள்ள வாளியில வெச்சு ஈ வளர்க்கறீங்களா?" என்று கத்தினார். இன்னொரு முறை வாளியைப் பார்த்தால் பால் கேன் கழுவும் பிரிவுக்கு மாற்றிவிடுவதாகச் சொன்னார். அங்கே போனால் காலை முதல் மாலைவரை சிமென்ட் தரை, வெந்நீர், நான்கு சுவர். புல்வெளியைக் கண்ணால்கூடப் பார்க்க முடியாது.

அக்கா வாளிகளை சைக்கிளின் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வீடு இரண்டாம் மாடியில், இரண்டு அறை. கணவர் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர், பேச்சு குறைவு. ஒரே மகள் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். கடை இருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் பழுது பார்க்க வந்த ஓர் இளைஞனுக்குப் பார்வை சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் மூன்று முறை கண் பரிசோதனைக்கு வந்தான். விஷயம் இரண்டு வீட்டுக்கும் தெரிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவன் தன் அம்மாவையும் அப்பாவையும் அழைத்துக்கொண்டு வருவதாக ஏற்பாடு. அம்மா ஓய்வுபெற்ற நர்ஸ். முப்பத்திரண்டு வருடம், அதில் பாதி அறுவைச் சிகிச்சை அரங்கில். டம்ளரைக் கையில் வாங்கினால் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார் என்று மகள் முன்கூட்டியே எச்சரித்திருந்தாள். "அம்மா, அந்த வாளி ரெண்டும் அன்னைக்கு ஒருநாள் கண்ணுல படக்கூடாது," என்றும் சொல்லியிருந்தாள்.

வாளிகள் பால்கனியில், ஒரு பலகைக்குப் பின்னால் இருந்தன. ஞாயிறு விடியும்போது சாய்ந்து சாய்ந்து மழை அடித்தது. வாளிக்குள் தண்ணீர் போனால் பதின்மூன்று நாள் காத்திருந்தது வீண். அக்கா இரண்டையும் உள்ளே கொண்டுவந்து கூடத்து மூலையில் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்து, மேலே சுத்தமான துண்டைப் போட்டு மூடினார். மகள் உள்ளறையில் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். நர்ஸம்மா தேடிப்பிடித்ததுபோல் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தார். டீ வந்தது, பிஸ்கட் வந்தது. பேச்சு மழையிலிருந்து லிஃப்டுக்கும் லிஃப்டிலிருந்து கல்யாணத் தேதிக்கும் நகர்ந்துகொண்டிருந்தபோது, மூக்குக்கண்ணாடியை எடுப்பதற்காக அவர் தன் கைப்பையைத் தரையிலிருந்து இழுத்தார். பையின் வார் எலாஸ்டிக்கில் மாட்டியிருந்தது. துண்டும் வலையும் ஒன்றாக வந்தன. நீல நூல் வாளி.

அன்று காலைதான் உள்ளே கையாட்டிகள் பொரித்து வெளியே வந்திருந்தன. புகை எழும்பியதுபோல் இருந்தது என்று கணவர் என்னிடம் சொன்னார். அவர் அந்தக் கதையில் சொன்னது அந்த ஒரு வரிதான்.

நர்ஸம்மா நாற்காலியோடு பின்னுக்குப் போனார். மகள் கத்தினாள். பையன் பத்திரிகையை எடுத்து விசிறினான். "ஜன்னலைத் திறங்க, ஜன்னலைத் திறங்க!" என்றார் அவனுடைய அப்பா.

"வேணாம்!" என்று குறுக்கே போய் நின்றார் அக்கா. "ரெண்டே நிமிஷம். திறந்தா போயிடும்."

பெரும்பாலான ஈக்கள் வெளிச்சத்தைத் தேடி ஜன்னல் கண்ணாடிக்குப் போயிருந்தன. ஆறு சதுரக் கண்ணாடி. அதன்மேல் அவை சிறகை ஆட்டியபடி மேல்நோக்கி நடந்தன. அக்கா காதிலிருந்து பென்சிலை எடுத்தார். முதல் கண்ணாடியின் கீழ்மூலையிலிருந்து வாய்விட்டு எண்ணத் தொடங்கினார். பின்னால் ஐந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஆறாவது கண்ணாடி முடிந்ததும் சுவர் காலண்டரின் ஓரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினார். வாளியில் தங்கியதும் திரைச்சீலையில் இருந்ததும் தொண்ணூற்றேழு. ஆக முந்நூற்று ஒன்பது. பிறகு ஜன்னலைத் திறந்துவிட்டு, விருந்தாளிகள் பக்கம் திரும்பி, சமாதானமாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னார்:

"பயப்படாதீங்க. பாருங்க, ஒண்ணுகூட பிஸ்கட்ல உக்காரல."

அவர்கள் டீயைக் குடிக்காமல் போனார்கள்.

மகள் கதவைச் சாத்திக்கொண்டு வந்து நின்றாள். "அவங்க பயந்தது, பை மாட்டினது, அதெல்லாம் விடு. அது யார் வீட்லயும் நடக்கும். என் கல்யாணம் நின்னுடப்போகுதுன்னு நான் அழுதுட்டு நிக்கறேன். நீ எனக்கு முதுகைக் காட்டிட்டு நின்னு எண்ணிட்டிருந்தே, பாரு. அதைத்தாம்மா என்னால தாங்க முடியல."

இதை எனக்குச் சொல்லும்போது அக்கா கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. "அவ சொன்னது சரிதான்," என்றார். "ஆனா நான் எண்ணாம விட்டிருந்தா என்ன மிஞ்சியிருக்கும்? அவ அழுததும் அவங்க கோவிச்சிட்டுப் போனதும்தான். ஏதாவது ஒண்ணு கையில நிக்கட்டுமேன்னு இருந்துச்சு." கொஞ்ச தூரம் சுருட்டிய பிறகு, "அவளைத் திரும்பிப் பார்த்துட்டு எண்ணியிருக்கலாம்," என்றார்.

மகள் பேச்சை நிறுத்திவிட்டாள். பையன் வீட்டிலிருந்தும் ஒரு தகவலும் இல்லை. வீட்டுக்குள் எல்லாச் செய்தியும் பெயின்டர் வழியாகப் போய்வந்தன. "அப்பா, உப்பு தீர்ந்துடுச்சுன்னு அவங்ககிட்ட சொல்லுங்க" என்று இந்தப் பக்கமிருந்து வரும். அந்தப் பக்கம் மூன்றடி தூரத்தில்தான் நிற்கும். அவர் ஒரு முறைகூட அலுத்துக்கொள்ளாமல் சொல்வார்.

சிவப்பு நூல் வாளி இதற்கு நடுவிலும் பால்கனியில் காத்திருந்தது. பத்தொன்பதாம் நாள் வரை பார்த்தார். அதிலிருந்து வந்தது ஏழே ஏழு. அவற்றில் ஐந்துக்குச் சிறகு விரியவில்லை. கசக்கி எறிந்த காகிதம்போல் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. சட்டை கம்பெனியாக இருந்தால் ஐந்துக்கும் சிவப்பு அம்பு ஒட்டியிருப்பார். டப்பாவில் அவற்றை எடுத்துக்கொண்டு ஒரு மதியம் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு மாட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

மருந்தை எழுதிக்கொடுத்த டாக்டரம்மா, பசு ஒன்றின் வயிற்றுக்குள் தோள்வரை கையை விட்டபடி அவர் சொன்னதைக் கேட்டார். கையை வெளியே எடுத்துக் கழுவிவிட்டு டப்பாவை உற்றுப் பார்த்தார்.

"மருந்து சாணியில தங்கும்னு படிச்சிருக்கேன். இவ்வளவுன்னு நினைக்கல," என்றார். "ஏழு சரி, கண்ணால பார்க்கறேன். மத்ததுல முந்நூத்தி ஒன்பதுங்கறீங்களே, அது எங்க?"

"ஜன்னல் வழியா போயிடுச்சு."

"எண்ணினது யாரு?"

"நான்தான்."

"வேற யாரும் பார்த்தாங்களா? மேனேஜர்கிட்ட நான் பேசணும்னா, நீங்க சொன்னீங்கன்னு மட்டும் சொல்லி நிக்க முடியாது."

அக்கா யோசித்தார். பிறகு பையிலிருந்து போனை எடுத்து ஒரு நம்பரைக் காட்டினார். "ஒரு நர்ஸம்மா பார்த்தாங்க. ஆஸ்பத்திரியில பொய் சொல்லத் தெரியாத ஆளுன்னு பேரு. நான் கூப்பிட்டா எடுக்க மாட்டாங்க. நீங்க கூப்பிடுங்க."

டாக்டரம்மா கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் ஈ இருந்ததா என்று ஒரு மாட்டு டாக்டர் கேட்கிறார் என்பது எதிர்முனைக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

"இருந்துச்சாவா?" என்றது குரல். "ஜன்னலே தெரியல. இருநூத்திப் பன்னிரண்டு. அவங்க வாய்விட்டு எண்ணினாங்க. நானும் பின்னால நின்னு கூடவே எண்ணிட்டேன். எனக்கு இருநூத்திப் பதினொண்ணுதான் வந்துச்சு."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு நன்றி சொன்னார். குரல் போனை வைக்கவில்லை.

"அவங்க அங்கதான் இருக்காங்களா? ஒண்ணு கேட்கணும். பத்து நாளா மண்டையைக் குடையுது. ஆபரேஷன் தியேட்டர்ல ஒரு ஈ நுழைஞ்சா நேரா எதுல போய் உக்காரும்னு எனக்குத் தெரியும். இவ்வளவு ஈயில ஒண்ணுகூட பிஸ்கட்டைத் தொடலையே, ஏன்?"

அக்கா போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். "அது வேற ஈ சம்பந்தி. புல்வெளியில தனித்தனியா கிடக்கிற சாணிதான் அதுக்குப் பொறந்த இடம், பொழைப்பு எல்லாம். வீட்டுக்குள்ள அதுக்கு என்ன வேலை? பிஸ்கட்ல உக்கார்ற ஈ குவிச்சு வெச்ச குப்பையில, ஈர வைக்கோல்ல பொறக்கும். அதை நான் வளர்க்க மாட்டேன்."

எதிர்முனை, "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல?" என்றது.

"அன்னைக்கு எண்ணிட்டிருந்தேன்."

அந்த வாரமே டாக்டரம்மா பண்ணைக்கு வந்தார். அக்கா அதிகம் பேசவில்லை. காய்ந்த ஓடுகளுக்கு நடுவில் அவரை நடக்கவிட்டார். டாக்டரம்மா தன் செருப்புக்காலால் ஒன்றை எத்தினார். முழுதாகப் புரண்டது. அடியில் வெளுத்த புல். இன்னொன்றை எத்தினார். புண்ணாறிய மாடு தனியாக மேய்ந்த மூலைக்குப் போனார். அங்கே எத்துவதற்கு ஒன்றும் இல்லை. மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு உடன் வந்தார்.

முடிவு இரு பக்கமும் விட்டுக்கொடுத்து வந்தது. குடற்புழு நிஜம், மருந்தை அடியோடு நிறுத்த முடியாது என்றார் டாக்டரம்மா. இனிமேல் எல்லா மாட்டுக்கும் மாதாமாதம் ஊற்றுவதில்லை. சாணியைப் பரிசோதித்து, புழு முட்டை அதிகம் உள்ள மாட்டுக்கு மட்டும் மருந்து. அந்த மாடுகள் மூன்று வாரம் தனி அடைப்பில் நிற்கும். மீதி நிலம் ஈக்களுக்கும் வண்டுகளுக்கும். கடிச்சான் திரும்பி வந்துவிட்டது. மாடுகள் மறுபடி வாலை வீசுகின்றன. அதை அக்கா மறைக்கவில்லை, நோட்டிலும் இருக்கிறது. கன்றுக்கொட்டகைக்குப் பின்னால் மலைபோல் குவிந்திருந்த ஈர வைக்கோலை வாரம் ஒரு முறை அள்ளி மூடிவைக்கச் சொன்னதும் அவர்தான். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் மனு வாரத்துக்கு ஒன்றிலிருந்து மாதத்துக்கு ஒன்றாகியிருக்கிறது. அது தன் யோசனை என்று மேனேஜர் சொல்லிக்கொள்கிறார். அக்கா மறுப்பதில்லை. அறுநூற்றுப் பதினொரு ஓடுகளில் நான் பார்த்த அன்று நாற்பதுக்கு மேல் இன்னும் மிச்சமிருந்தன. சிலவற்றை மழை கரைக்கும், சிலவற்றைக் காலம்தான் கரைக்க வேண்டும் என்றார்.

அந்தப் போனுக்குப் பிறகு கல்யாணப் பேச்சு மறுபடி தொடங்கி, கல்யாணமும் நடந்தது. மகள் பேச ஆரம்பித்தது கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பு, கண்ணாடிக் கடையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு, "கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்க்காதே, சுருக்கம் விழும்," என்ற அன்றைக்கு. அப்போதும் சிரிக்கவில்லை. சிரித்தது எப்போது என்று அக்காவுக்கு ஞாபகமில்லை. அதை மட்டும் எங்கும் எழுதி வைக்கவில்லையாம்.

போட்டோ எடுக்க வேண்டுமென்று நான் கேட்டபோது, மகள் வீட்டுக்குப் போகும் நாளாகப் பார்த்து வரச்சொன்னார். போயிருந்தேன். துடைத்து வைத்ததுபோன்ற வீடு. நர்ஸம்மா டம்ளர்களை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு டீ ஊற்றினார். மகளும் மருமகனும் சோபாவில், பெயின்டர் ஜன்னலோரம். நான் எங்கள் பத்திரிகையின் அந்த மாத இதழைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன்.

ஓர் ஈ வந்தது. கூடத்தை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, அக்காவின் டம்ளர் விளிம்பில் உட்கார்ந்து முன்கால்களைத் தேய்த்துக்கொண்டது.

நர்ஸம்மாவின் கை தன்னையறியாமல் பத்திரிகையைச் சுருட்டி ஓங்கி, பாதியில் அப்படியே நின்றது. அவர் ஈயைப் பார்த்தார், பிறகு சம்பந்தியின் முகத்தைப் பார்த்தார்.

அக்கா டம்ளரை மெதுவாக மேசைமேல் வைத்தார். ஈ எழும்பிப் பக்கத்திலேயே மரப்பலகையில் இறங்கியது. அவர் குனிந்து, கண்ணைச் சுருக்கி, ஒரு வினாடி அதைப் பார்த்தார். இது சிறகை ஆட்டுகிற ஈ இல்லை. பிறகு கையை நீட்டி நர்ஸம்மாவிடமிருந்து பத்திரிகையை வாங்கி, பட்டென்று ஒரே அடி அடித்தார்.